துவாய் பிடித்தவர்

என் பேத்தி பிரஷாந்தினி படிக்கும் கல்லூரியில் ஒரு பைத்தியக்கார வழக்கம் உண்டு. மாசி மாதம் இல்-பிசார் தீவின் கரைக்குப் போய், உறைந்த ஆற்றை மரம் அறுக்கும் வாளால் அறுத்து, ஏணி இறக்கி, பிள்ளைகள் அந்தக் குழிக்குள் குதிப்பார்கள். ஏணிவரை வந்து பின்வாங்குகிறவர் மற்ற எல்லோருக்கும் ஈரம் துடைக்கத் துவாய் பிடிக்க வேண்டும். அதுதான் தண்டனை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓய்வுபெற்ற பிறகு என் வாய் மட்டும்தான் வேலைக்குப் போகிறது.

"இதெல்லாம் ஒரு குளிரோ? நான் காங்கேசன்துறையிலை இருந்து வேதாரணியத்துக்கு நீந்தினனான். நடுக்கடலிலை ஒரு சுறா என்னட்டை வழி கேட்டது."

பிள்ளை நம்பிவிட்டாள். கல்லூரி முழுக்கச் சொல்லி, முதலில் குதிக்கும் விருந்தாளி என்று என் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

அன்று காலை என் மனைவி பாலாம்பிகை என் தலையில் நல்லெண்ணெயைக் கவிழ்த்து ஊற்றித் தேய்த்தாள்.

"கடல் கடந்த வீரருக்கு இது காணுமோ? சுடுதண்ணி வராட்டி குளியலறைப் பக்கமே போகாத மனுசன்!"

ஆற்றங்கரையில் கைதட்டல், பிரெஞ்சில் கூச்சல். "பிராவோ, மெஸ்யூ!" பிரஷாந்தினிதான் எல்லோரையும்விடப் பலமாகக் கத்தினாள். நான் அரசனைப்போல் கோட்டைக் கழற்றினேன். ஏணியில் இறங்கினேன். பெருவிரல் நுனி தண்ணீரில் பட்டது. "முருகா!" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கரை லாவாலில் கோயில் மணிகள் தானாக அடித்திருக்கும். நினைவு வந்தபோது கரையில் நின்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். பிரஷாந்தினி தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாடிக்காரப் பொடியன் ஒருவன் மரியாதையாகத் துவாய்களை என் கையில் தந்தான். நனைந்து நடுங்கி வந்த ஒவ்வொரு பிள்ளையும் "மெர்சி, மெஸ்யூ" என்று நன்றி சொன்னது. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன் நான். அந்த வெட்கத்தை மட்டும் பெருப்பிக்கத் தேவையே இருக்கவில்லை.

கடைசியாக அவள் வந்தாள், உதடு நீலமாக. துவாயால் போர்த்தினேன்.

"அப்பப்பா, நீங்கள் நீந்தின அந்தக் கடல்?"

"கடல் இல்லையடா. கீரிமலைக் கேணி. அதுவும் படியைப் பிடிச்சுக்கொண்டு."

"சுறா?"

"தவளை."

காரில் பியர்பொன்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

கதவைத் திறந்ததும் பாலாம்பிகை கேட்டாள். "என்ன, குதிச்சவரோ?"

நான் வாய் திறக்குமுன் பிரஷாந்தினி முந்திக்கொண்டாள். "ஓம் அப்பம்மா. அவர் குதிச்ச குதியிலை பனி அந்தக் கரைவரை வெடிச்சுப் போச்சு."

அச்சு அசல் என் பொய். வேறு நாளென்றால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். அன்று அவளைப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

பாலாம்பிகை என் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினாள். விரலை முகர்ந்தாள்.

"நல்ல எண்ணெய்தான். ஆத்துத் தண்ணிக்கும் அசையேல்லை."

சொல்லிவிட்டுச் சோறு போடப் போனாள். நான் தொப்பியை வாங்கிக் காதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டேன். சாப்பிடும்போதும் கழற்றவில்லை.