மூடாத மரத்தூள்

பக்கத்துப் பண்ணைக் கோழிகளையெல்லாம் குழி தோண்டிப் புதைத்த பிறகு எனக்கு யார்மேலும் நம்பிக்கை இல்லை. தீவன லாரிக்காரனை வாசலோடு நிறுத்தினேன். முட்டை எடுக்க வந்தவனின் செருப்பை மருந்துத் தண்ணீரில் முக்க வைத்தேன். இருந்தாலும் என் கண்ணெல்லாம் மாப்பிள்ளை மேல்தான். அந்தப் பண்ணைக்காரனோடு தோளில் கைபோட்டுத் திரிந்தவர். எங்கள் கொட்டகையில் ஒரு கோழிக்குப் பறவைக் காய்ச்சல் கண்டாலும் மொத்தமும் குழிக்குத்தான்.

கால்நடை டாக்டரம்மா வந்து பின்னாலிருந்த குளத்தைக் காட்டினார்.

“அந்தக் காட்டு வாத்துங்கதான் பெரியவரே. எச்சத்துல கிருமி இருக்கும்.”

“ஏம்மா, சீக்கு வந்த வாத்து இப்படியா கும்மாளம் போடும்?”

“அதுல பலதுக்கு ஒண்ணும் ஆகாது. எங்கிருந்தோ சுமந்துட்டு வந்து இங்க போட்டுட்டுப் போயிடும்.”

“வலை கட்டியிருக்கேன். ஒரு இறகுகூட உள்ள வராது.”

“வாத்து வரவேண்டாம். அது எச்சம் போட்ட பொருள் ஏதாவது உள்ள வந்தாப் போதும்.”

படித்தவர்களுக்கு ஆள் சிக்காவிட்டால் பறவை சிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை ஓசைப்படாமல் கொட்டகைக்குப் பின்னால் போனார். திருட்டு முழி வேறு. நானும் போய்ச் சுவரோரம் நின்றேன். கோழிகளுக்கு அடியில் பரப்பும் மரத்தூள் அங்கேதான் குவிந்து கிடக்கும். அதன்மேல் கிடந்த தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வெயில் ஏறியதும் குளத்து வாத்துகள் ஒவ்வொன்றாய் வந்து குவியலில் ஏறி, சம்பந்தி வீட்டார் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்தன. அவை எழுந்து போனபோது தூளெல்லாம் எச்சம்.

மாப்பிள்ளை தள்ளுவண்டியோடு வந்து அதையே வாரிப் போட்டார். வண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

“என்ன மாப்ளே வேலை இது?”

“ஈரத்தூள் போட்டா கோழிக்குச் சளி பிடிக்கும்னு நீங்கதானே கத்துனீங்க மாமா? அதான் காயவைக்கிறேன்.”

“அதை ஏன் ஒளிஞ்சு செய்யணும்?”

“சொன்னா அதுக்கும் கத்துவீங்க.”

“உள்ள கொட்டிட்டீங்களா?”

“நாலஞ்சு நாளாவே... கதவோரமா.”

ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். புதுத்தூளில் ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

“தூங்குது மாமா,” என்றார்.

ஓங்கிக் கை தட்டினேன். கொட்டகையே படபடத்தது. அது மட்டும் அசையவில்லை.

மாப்பிள்ளை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். சரியான நம்பரைத்தான் அழுத்துகிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.