மூன்றாவது தடம்

மேட்டில் ஏற முடியாமல் முன்னால் போன செங்கல் லாரி இன்னும் வேகம் குறைந்தபோது, காரின் பின்னால் கட்டியிருந்த டிரெய்லருக்குள் குதிரை மறுபடி தரையை உதைத்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காரில் இருந்த இரண்டு பெண்களுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. உதைக்கிறது என்றால் நிற்கிறது. கால்நடை மருத்துவர் போனில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே அறுவை செய்தாக வேண்டும், ஆஸ்பத்திரி வந்து சேரும்வரை அது நின்றபடியே வர வேண்டும், படுத்து உருண்டால் பிறகு தன்னால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

குதிரை நாத்தனாருடையது. ஓட்டுவது அண்ணி. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த நாத்தனாரை எழுப்பி வெளியே நடக்க வைத்தது அந்தக் குதிரைதான். வீட்டார் எல்லாரும் தேன் தடவிப் பேசியும் நடக்காத காரியம் அது. சீமாட்டி என்று பெயர். பெயருக்கேற்ற திமிரும் உண்டு. அண்ணி கொடுத்த கேரட்டை அது ஒருநாளும் வாங்கியதில்லை.

அண்ணிக்கு வேலையே டிரெய்லர் கட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது. படகு இழுப்பவர்கள், மாடு ஏற்றுபவர்கள், வீடு மாற்றிக்கொண்டு போகிறவர்கள் என்று எத்தனையோ பேர் அவளிடம் படித்து லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். டிரெய்லர் கட்டினால் எண்பதுக்கு மேல் போகக் கூடாது. மூன்று தடம் உள்ள சாலையில் இடது ஓரம்தான் நமக்கு, தாண்டுவதற்கு மட்டும் நடுத்தடம், வலது கோடியில் மூன்றாவதாக ஒன்று இருப்பதையே மறந்துவிட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே மாணவர்களிடம் எண்பதம்மா என்று பெயரெடுத்திருந்தாள். உள்ளுக்குள் அவளுக்கு அதில் பெருமைதான். ஆனால் அதே பெயரை நாத்தனார் வீட்டில் சொல்லும்போது, அதில் சுருக்கென்று குத்துகிற ஏதோ ஒன்று இருக்கும்.

இப்போது எண்பதுக்கே வழியில்லை. முன்னால் செங்கல் லாரி. நடுத்தடத்தில் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி டேங்கர்கள் ஊர்ந்தன. மூன்றாவது தடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது. அவ்வப்போது ஒரு கார் அதில் சர்ரென்று போய் மறைந்தது. ஒவ்வொரு கார் போகும்போதும் நாத்தனார் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி திரும்பவில்லை. மேடு முடிந்ததும் இடம் கிடைக்கும், கொஞ்சம் பொறு என்று மட்டும் சொன்னாள். தன் குரல் வகுப்பில் பேசுகிற குரல் மாதிரியே இருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

பின்னால் உதை பலமாக விழுந்தது. கூடவே ஒரு முனகல். மனிதர் முனகுவது போலவே இருந்தது.

நாத்தனார் மெல்லிய குரலில் கேட்டாள். "ஒண்ணு கேக்கறேன் அண்ணி. உள்ள உங்க புள்ள இருந்தா, இந்த லாரி பின்னாடியே போவீங்களா?"

இப்படிக் கேட்டால் ஒருத்தி என்னதான் செய்வாள்? அண்ணி கண்ணாடியைப் பார்த்தாள். நடுத்தடத்தில் இரண்டு டேங்கர்களுக்கு நடுவே சின்னதாக ஓர் இடைவெளி வந்தது. அதில் நுழைந்து, பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட, அப்படியே வலது கோடிக்கும் போய்விட்டாள். செங்கல் லாரி பின்னுக்குப் போனது. டேங்கர்கள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போயின. முள் எண்பதைத் தாண்டியது, தொண்ணூறைத் தாண்டியது. கற்றுக்கொடுக்க வந்த நாளிலிருந்து அவள் செய்யாத காரியம் இது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஒரு கணம் நன்றாகவே இருந்தது. நாத்தனார் அவள் தோளைத் தொட்டாள். அண்ணி இந்தக் குடும்பத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் நாத்தனார் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மேடு முடிந்து சாலை சரிந்தது. முள் நூறைத் தொட்டது. அப்போது பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் இடது பக்கம் எட்டிப் பார்த்தது. பிறகு வலது பக்கம். பிறகு மறுபடி இடது, இந்தத் தடவை இன்னும் அதிகமாக. காரின் பின்பக்கத்தையே யாரோ பிடித்து ஆட்டுவது போலிருந்தது. அண்ணியைக் கேட்காமலே அவள் வலது கால் பிரேக்கின் மேல் போய் நின்றது. மிதித்தால் டிரெய்லர் மடங்கிக் காரோடு சேர்ந்து உருளும். அதையும் அவள்தான் எல்லாருக்கும் சொல்லித் தருகிறாள். படம் போட்டுக் காட்டிச் சொல்கிறாள். படத்தில் சாலை இவ்வளவு குறுகலாக இல்லை.

காலை எடுத்தாள். ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் தானாக அடங்கட்டும் என்று விட்டாள். உள்ளே ஏதோ கனமானது ஒரு பக்கச் சுவரில் மோதியது. மறுபக்கம் மோதியது. ஒருவழியாக டிரெய்லர் நேராக வந்தது. டேங்கர்களுக்கு முன்னால் புகுந்து இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"இப்படி ஆடக் கூடாது," என்றாள். "டிரெய்லருக்குள்ள நடுத்தடுப்புப் பலகை இருக்கறப்ப இப்படி ஆடவே ஆடாது."

நாத்தனார் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்துட்டேன் அண்ணி. வயித்த அழுத்துமேன்னு. அதுக்குக் கொஞ்சம் இடம் இருக்கட்டும்னு."

கிளம்பும் முன் அண்ணி கொக்கி பார்த்தாள், சங்கிலி பார்த்தாள், விளக்கு, டயர் எல்லாம் பார்த்தாள். பின்கதவைத் திறந்து உள்ளே மட்டும் பார்க்கவில்லை. உள்ளே ஏற்றியது நாத்தனார். நாத்தனார் செய்ததைத் திரும்பச் சரிபார்த்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது அண்ணிக்குத் தெரியும். ஆகவே பார்த்தது போல் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்திருந்தாள். இதில் யாரை யார் குற்றம் சொல்வது?

முள் எண்பதில் நின்றது. ரேடியோ ஓடவில்லை, கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பின்னால் சத்தமே இல்லை.

"அண்ணி."

"கேக்குது."

கேட்பதற்கு ஒன்றும் இல்லாததைத்தான் அப்படிச் சொன்னாள். நிறுத்திப் பார்க்கலாமென்றால், மலையை வெட்டிப் போட்ட சாலை அது. இடப்பக்கம் வெள்ளைக் கோட்டை ஒட்டியே பாறை. ஒதுங்க இடம் வேண்டுமானால் பள்ளத்தாக்கு வரை இறங்கியாக வேண்டும். நாத்தனார் பெல்ட்டை இழுத்துக்கொண்டு பின்பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். அங்கிருந்து தெரிந்தது டிரெய்லரின் வெள்ளைத் தகடு மட்டும். "சீமாட்டி" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். பிறகு அண்ணியைப் பார்க்காமல் சொன்னாள். "எண்பதுலயே போங்க."

சரிவில் செங்கல் லாரிக்கு இப்போது வேகம் வந்திருந்தது. கண்ணாடியில் சிவப்பாகத் தெரிந்து, பெரிதாகி, நடுத்தடத்தில் அவர்களைத் தாண்ட ஆரம்பித்தது. லாரிக்காரனுக்கு இடப்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவன் மனைவியாக இருக்கலாம். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு வந்தாள். அவள் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு, டிரெய்லரின் பக்கவாட்டுச் சின்ன ஜன்னல் நேர் கீழே வந்தது. அண்ணி பக்கக் கண்ணாடியில் அவளையே பார்த்தாள். அந்தப் பெண் சும்மா, வேடிக்கையாக, டிரெய்லருக்குள் குனிந்து பார்த்தாள். உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

லாரி இன்னும் கொஞ்சம் முன்னேறி அவர்களுக்கு இணையாக வந்தது. அந்தப் பெண் பழத்தை மடியில் வைத்துவிட்டு, அவர்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி, ஜன்னல் கண்ணாடியை இறக்கத் தொடங்கினாள்.