வடகடலுக்கு ஆள் இல்லை

புத்தகம் வந்துவிட்டது என்று கடைக்காரர் போனில் சொன்னபோது அவன் யாரோ ஒரு கிழவருக்கு மேல்வரிசைப் பற்களை மெழுகில் அடுக்கிக்கொண்டிருந்தான். கடைவாய்ப் பல் ஒன்று விரலிலிருந்து நழுவி மேசைக்கடியில் உருண்டோடியது. அவன் அதைத் தேடக்கூட இல்லை.

"வடகடல் தீவுகளா? நிஜமாவாண்ணே?"

"கையில வச்சுக்கிட்டுத்தான் பேசறேன். செங்கல் மாதிரி கனம். உனக்காக ஒண்ணே ஒண்ணுதான் வரவழைச்சேன். சனிக்கிழமைக்குள்ள வந்து எடுத்துக்க. வேண்டாம்னா சொல்லிடு, திருப்பி அனுப்பிடறேன்."

வேண்டாமாவது! இதற்காகவே அந்தக் கடைக்குப் போய்ப் போய் விசாரித்து அவன் செருப்புத் தேய்ந்திருந்தது. "வந்துடறேண்ணே" என்று சொல்ல வாயெடுத்தவன், என்னவோ நினைத்துக்கொண்டு, "சொல்றேண்ணே" என்றான்.

பொய்ப்பல் செய்யும் லேபில் வேலை பார்த்ததால் நண்பர்களுக்கு அவன் பல்லு. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து 'ஏழு கோட்டை' ஆடுவார்கள். காய் நகர்த்துகிற ஆட்டம் இல்லை அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று பகடை தீர்ப்புச் சொல்லும். கதை நடத்துவது பல்லு. வக்கீல் வாள்வீரன். வக்கீலின் மனைவி மருந்துக்கடை வைத்திருந்தாள், அதனால் மாத்திரை என்று பெயர், அவள் சூனியக்காரி. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் நண்பனுக்குப் பெயரே லிஃப்ட், அவன் திருடன்.

ஆறு கோட்டைகளைப் பிடித்துவிட்டார்கள். ஏழாவது கோட்டை கடலுக்கு அப்பால், தீவுக்கூட்டத்தில் இருந்தது. அந்தத் தீவுகளுக்கான 'வடகடல் தீவுகள்' என்ற துணைப் புத்தகம் அடுத்த வருஷம் வரும் என்று ஆட்டத்தின் முதல் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். அதனால் மூன்று பேரும் துறைமுகத்தில் கப்பலுக்காக நிற்கிற இடத்தில் பல்லு கதையை நிறுத்தினான்.

"நீயே ஏதாவது அளந்து விடேன். உனக்கா வராது?" என்று மாத்திரை அப்போதே கேட்டாள்.

"சேச்சே. புக் வரட்டும். முறையா பண்ணுவோம்."

அடுத்த வருஷம் வந்தது, புத்தகம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. "இலவு காத்த கிளின்னு சொல்வாங்க. அந்தக் கிளி பஞ்சு பறக்கறதயாச்சும் பாத்துச்சு" என்று அக்கா கிண்டல் செய்வாள். கணவன் இறந்தபிறகு தம்பியோடு வந்து தங்கியவள் அவள். இதற்கிடையில் லிஃப்டுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. வக்கீலும் மாத்திரையும் பிரிந்துவிட்டார்கள்.

விலை அவனுக்கு ஒரு பொருட்டில்லை. ஆடுவதற்கு ஆள் இருந்தால் வாங்கலாம். கேட்டுப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடும் என்று முதலில் லிஃப்டை வீடியோவில் கூப்பிட்டான். திரையில் அவன் முகம் நன்றாக உப்பியிருந்தது.

"வடகடலா? டேய், அது இங்க எப்பவோ வந்துடுச்சே! ஆபீஸ்ல ஒரு செட்டு சேந்திருக்கோம். பாதி தாண்டியாச்சு. அந்த மூணாவது தீவுல ஒண்ணு வரும் பாரு... சொல்லட்டா?"

"வேணாம், வேணாம்."

"செமடா. நீயும் அங்க நாலு பேரைப் பிடிச்சு ஆடு."

அந்த நாலு பேரில் ஒருத்தன் நீதானேடா என்று பல்லுவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டான். லிஃப்ட் அவனைப் புண்படுத்த நினைத்துச் சொல்லவில்லை. அவன் சந்தோஷமாக இருந்தான், அவ்வளவுதான்.

வக்கீலின் புது வீட்டுக்கு நேரில் போனான். புது வீடு என்பது மாடியில் ஒற்றை அறை. பிரிக்காத அட்டைப்பெட்டிகள் சுவரோடு அடுக்கியிருந்தன. இருந்த ஒரே நாற்காலியைப் பல்லுவுக்குக் கொடுத்துவிட்டு வக்கீல் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அவ வர்றாளா?"

"இன்னும் கேக்கல."

"அவ வந்தா நான் வரமாட்டேன்." கோர்ட்டில் வாதாடுகிறவனின் குரல். அப்புறம் அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது. "அவ வரலேன்னா எனக்கு அங்க என்ன வேலை, சொல்லு?"

பல்லு அண்ணாந்து பார்த்தான். மின்விசிறி வேகம் போதவில்லை, மாற்றச் சொல்லவேண்டும் என்று இருவரும் சற்று நேரம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

அதற்குமேல் மாத்திரையிடம் போவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தும் போனான். கடையில் கூட்டம். இருமல் மருந்துக்கும் கண்சொட்டு மருந்துக்கும் நடுவே அவள் அவனோடு பேசினாள்.

"அட, வந்துடுச்சா! என் ஆளு பேரு என்ன பல்லு? ஏதோ நீளமா வருமே."

அவன் அந்தச் சூனியக்காரியின் பெயரைச் சொன்னான். அவள் வைத்த பெயர்தான் அது. அதற்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவள் அவள். இப்போது யாரோ தூரத்து உறவுக்காரியின் பெயரைக் கேட்பதுபோலத் தலையாட்டினாள். ஒரு பெரியவருக்கு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே? வாரம் முழுக்க நாங்க ரெண்டு பேரும் எலியும் பூனையுமா இருப்போம். உன் மேசையில மட்டும்தான் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துவோம். எனக்கு அடி விழப்போகுதுன்னா அவரு குறுக்க வந்து விழுவாரு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதப் பத்தியே பேச்சு. நீ நிறுத்தினதும் பேச ஒண்ணுமே இல்லாமப் போச்சு."

பல்லு கவுன்ட்டரிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"அய்யோ, உன்னைச் சொல்லல. நீ என்ன பண்ணுவே? எப்படியும் ஒடைஞ்சிருக்கும். கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், அவ்ளோதான்." பிறகு அவன் தோளுக்கு மேலே பார்த்து, "உங்களுக்கு என்னங்க வேணும்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் நாள் முழுக்கப் பேசிக் களைத்து வந்தவள், தட்டுகளை எடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எடுடா அந்தப் பகடைய. நான் ஆடறேன். சொல்லிக் குடு."

அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "சரி. நீ காட்டு வழியா போயிட்டு இருக்க. எதிர்ல ஒரு குகை. உள்ளேருந்து பூதம் குறட்டை விடற சத்தம் கேக்குது. என்ன பண்றே?"

"நான் என்னத்த பண்றது? தூங்கறது தூங்கட்டும். அதுவும் வேலைக்குப் போயிட்டு வந்திருக்கும், பாவம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, உள்ள பொக்கிஷம் இருக்கு."

"அடுத்தவன் பொருள் நமக்கு எதுக்கு?"

"சரி, பூதம் முழிச்சுக்குது. உன்னைத் துரத்துது."

"ஓடறேன்."

"பகடைய உருட்டு."

உருட்டினாள். தப்பித்துவிட்டாள். "அவ்ளோதானே?" என்றாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு. வேண்டுமென்றே சொதப்பவில்லை, அவளுக்கு உண்மையிலேயே அந்தக் குகைக்குள் போகத் தேவை எதுவும் தெரியவில்லை. இன்னொரு ஆற்றையும் ஒரு கிழட்டு மந்திரவாதியையும் கொண்டுவந்து பார்த்தான். மந்திரவாதி பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் தலை சாய்ந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்து, "நீ சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்றாள்.

"போதும்க்கா. போய்ப் படு."

"பேசாம அந்தப் புத்தகத்த வாங்கிடேன்டா. படிச்சிட்டாவது இருக்கலாம்ல?"

"அது படிக்கற புத்தகம் இல்லக்கா. பக்கத்துக்குப் பக்கம் 'உங்கள் வீரர்கள் இந்தப் பக்கம் போனால்', 'உங்கள் வீரர்கள் கதவைத் திறந்தால்'னுதான் போட்டிருக்கும்."

அக்கா போகிறபோது அவன் தலைமுடியை ஒருமுறை கலைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை கடைக்குப் போனான். போனிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனாலும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. அட்டையில் பனி மூடிய கடல். உள்ளே தீவுகளின் வரைபடம் நான்காக மடித்து வைத்திருந்தது. விரித்தான். நீரோட்டங்கள், பாறைகள், மூழ்கிய கோபுரம், எல்லாவற்றையும் யாரோ உயிரைக் கொடுத்து வரைந்திருந்தார்கள். இத்தனை வருஷம் எடுத்தது வீண் இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பையில போடட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம்ணே. திருப்பி அனுப்பிடுங்க."

"என்னப்பா! வருஷக்கணக்கா கேட்டு என் காதைத் துளைச்சியே?"

"ஆள் இல்லண்ணே."

"புது ஆளுங்களப் பிடி. வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டலாம். இந்தக் காலத்துப் பசங்க வருவாங்க."

"புது ஆளுங்கன்னா மொதல் கோட்டைலேருந்து போகணும். துறைமுகத்துல நிக்கறது அவங்க இல்லையே."

கடைக்காரருக்குப் புரிந்ததா தெரியவில்லை. வரைபடத்தை அதன் மடிப்பிலேயே பக்குவமாக மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு பல்லு வெளியே வந்தான். நல்ல வெயில். பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. நின்றான்.

மறுநாள் பிற்பகல் அக்கா சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து இஸ்திரி போட்டாள். அவன் பக்கத்தில் நின்று துணிகளை உதறி உதறிக் கொடுத்தான்.

"வாங்கலையா?"

"இல்லக்கா."

அவள் சட்டைக் கையை நீவிவிட்டு, திருப்பிப் போட்டு, பெட்டியை அழுத்தினாள்.