மெஷினைப் போடுங்க

...முதல் ஞாயிறு நாற்பத்தொன்று, அடுத்த ஞாயிறு நாற்பத்தேழு, போன ஞாயிறு ஐம்பத்திரண்டு. கெட்டுப்போன மெஷின் என்றால் ஒரே இடத்தில்தானே நிற்கும், மீதி நிமிடத்தைக் காட்டிக்கொண்டு, பாதி கழுவிய தட்டும் நுரையுமாக, வாரத்துக்கு ஓர் இடத்திலா நிற்கும்... பாத்திரம் கழுவும் மெஷின் முன் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, அவள் அடிச் சல்லடையைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு துணுக்கு இல்லை. தண்ணீர் போகும் குழாய் எங்கும் மடங்கவில்லை, கதவுக் கொக்கியும் நன்றாகத்தான் பிடிக்கிறது. மெக்கானிக் என்ன சொன்னான், "மெஷின்ல ஒரு குறையும் இல்லீங்க, யாரோ நடுவுல கதவைத் திறக்கறாங்க, திறந்தா நின்னுடும், மறுபடி பட்டனை அழுத்தினாத்தான் ஓடும்." ஆரம்பத்தில் கீ...யென்று ஒரு சத்தம் வருகிறதே என்றதற்கு, அப்படி ஒன்றும் கேட்கவில்லையே என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் யாரோ என்றால் யார், இந்த வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

சமையலறைக்கு இந்தப் பக்கம் அவளும் கணவனும் இருக்கும் அறை, அந்தப் பக்கம் மாமனாரின் அறை. மாமாவுக்குக் காது மந்தம்தான், ஆனால் காதில் கருவியை மாட்டிக்கொண்டால் பல்லி ஊர்வதும் கேட்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், கணவனைப் பார்த்து "மெஷினைப் போடுங்க" என்று உரக்கச் சொல்வாள், அவன் பட்டனை அழுத்திவிட்டு வருவான், அந்த இரைச்சலில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். பேச்சு ஒன்றுதான், மாமாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது. பெற்ற பிள்ளை அவனே மென்று முழுங்கினான், அவள்தான் உடைத்துச் சொன்னாள், உங்கப்பா போற வரைக்கும் எனக்கு இந்த வீட்ல நிம்மதி இல்ல என்று... போற என்றால் இல்லத்துக்குப் போகிற என்றுதான், வேறெதுவும் இல்லை, அதற்காக அவள் அரக்கியா? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். ஆனால் இப்போதெல்லாம் மாமா சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுவந்து வைக்கிறார், அது என்ன புதுப் பழக்கம்? பரணிலிருந்து பழைய சூட்கேஸை எடுத்துத் தரச் சொன்னாரே, எதற்கு மாமா என்றால் சும்மா தூசி தட்டத்தான் என்கிறார்... நல்லவர் வேஷம். தினமும் காலையில் அவள் பேசாமல் கொள்ளாமல் போடும்போது முழுசாக ஓடுகிற மெஷின், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கிறது என்றால்? ஒட்டுக் கேட்கிறார், வேறென்ன. கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

இன்றைக்கும் ஞாயிறுதான், கணவன் வெளியே போயிருந்தான். ஆனாலும் வெறும் அறையைப் பார்த்து, "மெஷினைப் போடுங்க!" என்று குரல் கொடுத்துவிட்டு, தானே பட்டனை அழுத்தி, பிரிட்ஜ் மறைவில் ஒதுங்கினாள். தண்ணீர் இறங்கியது. கீ... அதே சத்தம், ஆனால் மெஷினிலிருந்து இல்லை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து... காதில் மாட்டும்போது அந்தக் கருவி போடுகிற கூச்சல்தானே, இதையா மூன்று வாரமாகக் குழாய்க் கோளாறு என்று... மாமா வந்தார். பதுங்கி வரவில்லை, செருப்புச் சத்தத்தோடு நேரே வந்து, மெஷின் கதவை விரற்கடை திறந்து மூடினார், இரைச்சல் அடங்கியது, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் அறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?" பிடித்துவிட்டவளின் குரலோடு பிரிட்ஜ் மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

அவர் திடுக்கிடக்கூட இல்லை. "நீதானேம்மா மெஷினைப் போடச் சொன்ன? போட்டுக்கிட்டேன். இது இரையறதுல ஒண்ணும் புரிய மாட்டேங்குது, அதான் நிறுத்திட்டுக் கேக்கறது."

மெஷினைப் போடுங்க... சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது, போன் வந்தால் கேட்காது, ஒரு நாளைக்குப் பத்துத் தரம் காதைத் தொட்டுக் காட்டி அவள் அவரிடம் சொல்வதும் இதே வார்த்தைதானே.

"நேர்ல சொல்லச் சங்கடமா இருக்கும், பாவம், அதான் காதுல விழட்டும்னு பேசறீங்கன்னு நினைச்சேன்," என்றார். "எல்லாம் விளங்கிடுச்சும்மா. ஒண்ணு மட்டும் சரியா விழல. அடுத்த மாசமா, அதுக்கும் அடுத்த மாசமா?"

அவர் முகத்தில் சூது இருக்கிறதா என்று அவள் தேடினாள், இத்தனை நாள் பழக்கம், கண் தானாகத் தேடியது. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா, இல்லை தெரிந்தேதான்... மெஷினில் அறுபத்தெட்டு மினுக்கியது. வாரா வாரம் சீக்கிரமாக நிறுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் ஞாயிறு நாற்பத்தொன்று, அதாவது அரைமணி நேரம் ஓடியபின்தான் நிறுத்தியிருக்கிறார், நிம்மதி இல்லை என்று அவள் சொன்னதும் அதே ஞாயிறுதான், மெஷின் ஓடும்போது சொன்னாளா, நின்ற பிறகா... எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மாமா மெஷின் மாட்டிய காதை அவள் பக்கம் சாய்த்துக் காத்திருந்தார்.