பனித்திட்டு

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் அப்துல் மாலிக் கண்களைச் சுருக்கிக்கொண்டான். சித்திரை வெயிலில் ஆற்று மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கப்பலை விட்டு ஊர் திரும்பியதிலிருந்தே அவனுக்கு இப்படித்தான். வெள்ளையாக எதைப் பார்த்தாலும், சுண்ணாம்பு அடித்த சுவரானாலும் சரி, மனைவி ஜீனத் கொடியில் போட்ட துப்பட்டியானாலும் சரி, அது சத்தமில்லாமல் நகர்வதுபோல் இருக்கும். இப்போது மணலும் நகர்ந்தது.

இந்தப் பயணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தவனை ஜீனத்தான் அன்று சட்டையை எடுத்துக் கொடுத்துக் கிளப்பியிருந்தாள். "அந்தப் பொண்ணு வேற யாருகிட்ட போய்க் கேக்கும்? நீங்கதானே கூட இருந்தீங்க."

அமிர்தம் ஸ்ரீரங்கத்தில் படித்துறைக்குப் போகும் வழியில் வாழையிலை விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் காத்தமுத்து இறந்த சேதி வந்தபின் தொட்டியத்தை விட்டு அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். காத்தமுத்துவுக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை, மாலிக்குக்கு அடுப்படியில். உலகத்தின் தென்கோடிக்கு வெள்ளைக்கார விஞ்ஞானிகளை ஏற்றிப்போன கப்பல் அது. மாலிக் யாரென்று தெரிந்ததும் அவள் இலைக்கட்டின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு எழுந்தாள். இருவரும் படித்துறையில் வந்து உட்கார்ந்தார்கள்.

"கடல்ல விட்டுட்டாங்கன்னு ஏஜெண்ட் சொன்னாரு" என்றாள்.

"கடல்ல விடலைம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காத்தமுத்து படுக்கையில் விழுந்த நாளிலிருந்து மாலிக் சொல்லத் தொடங்கினான். மார்ச்சளி முற்றிக் கிடந்தபோது காத்தமுத்து அவன் கையை விடவே இல்லை. 'பாய், என்னைத் தண்ணில மட்டும் போட்டுறாதீங்க. எங்க அண்ணனைக் கொள்ளிடம் கொண்டுபோயி, தேடித் தேடிப் பாத்தும் கெடைக்கலை.' அதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினான். மாலிக் கேப்டன் முன்னால் போய் அழுதான். சரி, பனியிலேயே புதைக்கலாம் என்று கேப்டன் இறங்கி வந்தார்.

ஆனால் பனியை அளக்க வந்திருந்த இளைஞன் ஒருவன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். நாம் நிற்பது தரையே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிற இந்தப் பனி, கடலின்மேல் மிதக்கிறது. மிதந்துகொண்டே கடலை நோக்கி ஊர்கிறது. போன வருஷம் நட்ட கம்புகளெல்லாம் இடம் மாறியிருக்கின்றன. ஓரம் வந்ததும் உடைந்து தண்ணீரில் விழும். மாலிக் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், 'நகராத இடமே கிடையாதா?' என்று கேட்டான். இளைஞன் தூரத்தில் கவிழ்த்த தாம்பாளம்போல் லேசாகப் புடைத்திருந்த ஓரிடத்தைக் காட்டினான்.

"அதுக்கு அடியில கடல்தரை மேடா எழும்பி நிக்குதாம்மா. பனி அது மேல வயித்தை வெச்சுப் படுத்துக்கிச்சு. பின்னால வர்ற பனி அதுல வந்து முட்டும். வேகம் மட்டுப்பட்டு, வெடிச்சு, ரெண்டு பக்கமும் பிரிஞ்சு போவும். அந்த உச்சியில நட்ட கம்பு மட்டும் நட்ட எடத்துலயே நின்னுச்சு. சறுக்குவண்டியில வெச்சு இழுத்துட்டுப் போயி, அங்கதான்..."

அமிர்தம் ஆற்றைப் பார்த்தாள். கோடைத் தண்ணீர் ஒரு மணல்மேட்டில் மோதி இரண்டாகப் பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப திட்டுன்னு சொல்லுங்க."

"திட்டுதாம்மா."

"எத்தனை காலத்துக்கு நிக்கும்?"

பொய் சொல்லிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அந்த இளைஞனே இதற்கு முதலில் தோளைத்தான் குலுக்கினான்.

"தெரியலைம்மா. பனி கனமா இருக்குற வரைக்கும் திட்டை விட்டுக் கெளம்பாதுன்னான். மெலிஞ்சா மெதக்க ஆரம்பிச்சுரும்னான். நம்ம காலத்துல அப்படி ஆவாதுன்னான்."

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"அவருக்குக் குளிரு ஆவாது, பாய். மார்கழில தலையில துண்டு கட்டாம வாசப்பக்கமே வரமாட்டாரு."

"என் கம்பளியைச் சுத்தித்தாம்மா வெச்சேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். குனிந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, வெகுநேரம். குளித்துவிட்டுப் படியேறியவர்கள் ஒதுங்கிப் போனார்கள். மாலிக் அவளைத் தேற்றவில்லை. கப்பலில் அவன் அழுதபோதும் யாரும் தேற்றவில்லை. அதுவே நல்லதாக இருந்தது.

பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தத் திக்கு?"

ஆற்றுக்கு அக்கரையில் மலைக்கோட்டை தெரிந்தது. மாலிக் அதற்கும் அப்பால் கையைக் காட்டினான்.

"தெக்கயா? பெருமாள் பாக்குற திக்கு" என்றவள் நகர்ந்து, நேராக அந்தப் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தாள்.

மணல்மேட்டில் வண்ணார் ஒருவர் நீளமான வெள்ளை வேட்டியொன்றைக் காயப்போட்டு, நடுவில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார். அக்கரையிலிருந்து காற்று வந்தது. வேட்டி உப்பி, அலையலையாகக் கல்வரைக்கும் வந்து, சுருங்கி, அதன் இரு பக்கமும் விலகிப் படபடத்தது.