அருவிக்குப் பின்னால்

என்னோடு படிக்கும் தூங்குமூஞ்சி எனக்குக் குழி பறிக்கிறான் என்று முதல் சோதனை ஆட்டத்திலேயே எனக்குப் பொறி தட்டிவிட்டது.

நாங்கள் இருவரும் ஊடாட்ட வடிவமைப்பு, அதாவது கேம், ஆப் வடிவமைக்கும் படிப்பு படிக்கிறோம். இறுதியாண்டுக்கு ஜோடியாக ஒரு வீடியோ கேம் செய்து கொடுக்க வேண்டும். ஜோடி உடைந்தால் இருவருக்கும் அந்த ஆண்டு அம்பேல். அவனுக்கென்ன, அவன் அப்பா இன்னொரு வருடம் படிக்க வைப்பார். நான் துணிக்கடையில் சட்டை மடிக்கப் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பா தொட்ட ஒரே கம்ப்யூட்டர் ஏடிஎம்.

எங்கள் கேமில் காட்டுக்குள் ஒரு ரகசிய அறை. அதன் கதவை அருவிக்குப் பின்னால் ஒளித்தது நான். வழியெல்லாம் கல்லில் செதுக்கிய பறவைகள். அலகு காட்டும் பக்கம் போனால் கதவு வரும். கண் எரிய எரிய வரைந்த பறவைகள். "எதுக்கு இவ்வளவு சுத்தணும், ஒரு அம்புக்குறி போட்டா முடிஞ்சது" என்று தூங்குமூஞ்சி ஆரம்பத்திலிருந்தே முனகிக்கொண்டிருந்தான். நிரல் எழுதுவதும், ஆடிப் பார்க்க ஆள் பிடித்து வருவதும் அவன் பொறுப்பு.

ஆடுகிறவர் எவ்வளவு திணறினாலும் செய்தவர்கள் வாய் திறக்கக் கூடாது; இது எங்கள் துறையின் சட்டம். வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒருத்தர்கூட பறவையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அருவி கண்ணில் பட்டதும் மாமா வீட்டுக்குள் நுழைவதுபோல விறுவிறுவென்று உள்ளே போனார்கள்.

ஆட்டத்துக்கு முன் வராந்தாவில் அவர்களோடு இவன் பேசிச் சிரிப்பதை நான் கவனித்திருந்தேன். நான் போனால் பேச்சு அடங்கிவிடும். கேட்டால், வேறு ஏதோ கேமைப் பற்றி என்பான். பறவை தோற்றால் அம்புக்குறி வரும். அம்புக்குறி வந்தால் பெயர் அவனுக்கு.

ஒரு பொறி வைத்தேன். அடுத்த சோதனையன்று காலை, அவனிடம் மூச்சுக் காட்டாமல், கதவைப் பாழடைந்த கிணற்றுப் பக்கம் நகர்த்தினேன். பறவைகளையும் அந்தப் பக்கம் திருப்பினேன். இப்போது அருவிக்குப் பின்னால் வெறும் பாறை.

அன்று எங்களுக்கு மதிப்பெண் போடும் மேடமும் வந்திருந்தார். கழுத்தில் ஹெட்போன் மாட்டிய முதலாமாண்டுப் பெண் ஒருத்தி ஆட உட்கார்ந்தாள். பறவைகளைத் தாண்டி நேராக அருவிக்குள் போனாள். பாறையில் முட்டினாள், மறுபடி முட்டினாள். பக்கத்தில் தூங்குமூஞ்சியின் கண்கள் முதல்முறையாக முழுசாகத் திறந்தன.

எனக்கு அது போதும். சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தேன். இவன்தான் முன்கூட்டியே இடத்தைச் சொல்லி அனுப்புகிறான் என்று மேடத்திடம் போட்டு உடைத்தேன்.

மேடம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "யாரும்மா உன்னை அங்க போகச் சொன்னது?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாரும் சொல்லல மேடம். கேம்ல அருவி இருந்தா பின்னாடி ஏதாவது இருக்கும்ல? எல்லாருக்கும் தெரியுமே."

"எங்க வீட்ல யாருக்கும் தெரியாது" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவள் சின்ன வயதிலிருந்து ஆடியவற்றை அடுக்கினாள். எல்லாவற்றிலும் அருவி, எல்லா அருவிக்குப் பின்னாலும் புதையல். நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த இடம், இவர்கள் ஓடி விளையாடிய கொல்லைப்புறம். இருவரும் பேசி முடிவெடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார்.

அறையில் நாங்கள் மட்டும். அவன் கண்ட்ரோலரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தப்பா நெனச்சுட்டேன். ஆனா நீ கூட்டிட்டு வந்த அத்தனை பேரும் உன்னை மாதிரியே சின்ன வயசுலேர்ந்து கேம் ஆடுன ஆளுங்க" என்றேன். மன்னிப்புக் கேட்பதில்கூட எனக்குச் சண்டைதான் வருகிறது.

"சரி, அது என் தப்பு. ஆனா நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அருவிங்கிறது பழைய ஐடியான்னு சொல்லியிருப்பேனே. நீ கேக்க மாட்ட. கேட்டா உனக்குத் தெரியாதுங்கிறது எனக்குத் தெரிஞ்சிடும்."

அவன் நாற்காலியை இழுத்துக் கேமின் கோப்பைத் திறந்தான்.

"கதவை எங்க வச்சிருக்க?"

சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். யோசித்ததை அவன் பார்த்துவிட்டான். மவுஸில் கை வைத்தபடி காத்திருந்தான்.

"கிணத்துக்குப் பின்னாடி" என்றேன்.