இன்னும் பழகாத பெட்டி

மார்ச் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பை பழுதுபார்க்கும் கடையில், ஜிப் மூடிய பையிலிருந்து ஒரு பூனை வெளியே வந்தது.

பையைத் தைத்தவர் கடைக்காரர்தான். ஜிப் அண்ணன் என்றால்தான் தெருவில் தெரியும். மகள் போனில், “மேனேஜரை அனுப்பறதுக்கு நல்ல பெட்டியா ஒண்ணு வாங்குங்கப்பா” என்று சொல்லியிருந்தாள். மேனேஜர் என்பது பூனையின் பெயர். எல்லா அறைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக்கொள்வதால் அவளே வைத்த பெயர். போன வருடம் வெளியூர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்துப் போனபோது, தங்கிய இடத்தில் பூனைக்கு அனுமதியில்லை. இப்போது வேறு வீடு பார்த்திருந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவளோடு வேலை செய்பவர் ஒருவர் இந்தப் பக்கம் காரில் வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்பினால் போதும்.

பை தைக்கிறவன் பையை விலைக்கு வாங்குவதா என்று அவர் இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டார். அடியில் அட்டை, பக்கங்களில் வலை, விளிம்பெல்லாம் இரட்டைத் தையல். கடைசியில், வாடிக்கையாளருக்குச் செய்கிற கைப்பழக்கத்தில், பூட்டு மாட்ட வசதியாக இரண்டு ஜிப்பையும் இழுத்து நடுவில் சந்திக்க வைத்தார். சந்தித்த இடத்தில் ஒரு விரற்கடை சந்து. நகத்தை விட்டு விலக்க மேனேஜருக்கு அது போதும். தலை நுழைந்துவிட்டால் பூனைக்கு உடம்பு ஒரு பொருட்டே இல்லை.

“ஊர்ப்பட்ட பைக்கு ஜிப் வெச்சவருக்குப் பூனைக்கு நகம் இருக்கறது தெரியல” என்றாள் மனைவி. அன்று மாலையே அவரைச் செல்லப்பிராணிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே அவர் ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தார், கைப்பிடியை ஆட்டினார், தாழ்ப்பாளைத் தட்டினார்.

“பெட்டி வாங்க வந்தீங்களா, நாடி பிடிக்க வந்தீங்களா?” என்றாள் மனைவி.

விற்பனைக்காரர் சிரித்துக்கொண்டே கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். “உள்ள எழுந்து நின்னு திரும்பற அளவு இருந்தா போதும் சார். ரொம்பப் பெருசுன்னா வண்டி குலுங்கறப்ப உருண்டுடும். இதுல மேலயும் ஒரு கதவு இருக்கு, அடம் பிடிச்சா மேல இருந்தே உள்ள இறக்கிடலாம். ஆனா திணிக்காதீங்க. கதவைத் திறந்து வீட்டு மூலையில போட்டு வையுங்க. அதுக்குப் பிடிச்சவங்க உடுத்தின துணி ஒண்ணு உள்ள போடுங்க. தானாப் போய்ப் படுக்கட்டும்.”

பிடிச்சவங்க துணி என்றதும் அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மகளின் நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. போகிற அவசரத்தில் விட்டுப்போனது. துவைக்கப் போட மனைவி எடுத்தபோதெல்லாம், “இருக்கட்டும் விடு” என்று மாட்டிவைத்திருந்தார். அதை மடித்துப் பெட்டிக்குள் விரிக்கும் முன்பு கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் மேனேஜர் பெட்டியை முன்னும் பின்னும் மோந்து பார்த்து, உள்ளே போய், சட்டைக் காலரில் மோவாயை வைத்துத் தூங்கிப்போனது. அந்த நேரத்தில் போன் வந்தது.

“பழகிடுச்சாப்பா?”

அவர் பெட்டியைப் பார்த்தார். “இன்னும் இல்லம்மா. கிட்டயே போக மாட்டேங்குது.”

“அப்ப புது ஆளுகிட்ட எப்படிக் குடுக்கறது? நான் தூக்கினாத்தான் வரும் போலிருக்கு.”

“ஆமா” என்றார் அவர், கொஞ்சம் வேகமாகவே. “நீ தூக்கினா வரும்.”

புதன்கிழமையும் அதே பதில். மேனேஜர் அப்போது பெட்டிக்குள் மல்லாந்து கிடந்தது.

மனைவி காய்கறிக் கத்தியைக் கீழே வைத்தாள். “என்னங்க, பூனையைச் சாக்கு வெச்சுப் பொண்ணைக் கூண்டுல பிடிக்கறீங்களா? வாம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?”

“அவளுக்கு ஆயிரம் வேலை. நான் கூப்பிட்டு, முடியாதுன்னு சொல்லிட்டான்னா?”

மனைவி கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வேலை முறையை இன்னொருத்தியோடு மாற்றிக்கொண்டு மகள் சனிக்கிழமை மதியம் வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, “மேனேஜர்” என்று கையை நீட்டினாள். பூனை வந்தது, விரல்களை மோந்தது, கன்னத்தை அவள் முழங்காலில் தேய்த்தது. பிறகு நேரே பெட்டிக்குள் நடந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

மகள் பெட்டியைப் பார்த்தாள். உள்ளே கிடந்த சட்டையைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“கிட்டயே போகலன்னு சொன்னீங்க.”

“இப்பத்தான் பழகுது போல.”

சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மகள் சிரிக்கவில்லை. சட்டையின் கைப்பகுதியைத் தொட்டுப் பார்த்தாள். அதில் பூனை முடி அப்பியிருந்தது.

“அடுத்த தடவை பூனை இல்லாமலே கூப்பிடுங்கப்பா” என்றாள்.

அவர் தலையை ஆட்டினார்.

ஞாயிறு காலையில் அவளுக்கு வேலை. அதனால் சனிக்கிழமை மாலைப் பேருந்துக்கே கிளம்பினாள். காரில் வருபவரிடம் வேண்டாமென்று சொல்லியாயிற்று. தாழ்ப்பாளை ஜிப் அண்ணனே போட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, மேலே துண்டைப் போர்த்தினார். கைப்பிடியை நம்பாமல், அடியில் இரண்டு கையும் கொடுத்து நிலையம்வரை தூக்கிப்போனார். சட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தார். எடுத்தால் வழியெல்லாம் கத்தும். மகள் ஜன்னலோர இருக்கையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

பேருந்து ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டது. சட்டையும் அதில் போனது.